பெயர் ஒன்று, மனிதர் வேறு

 

 

முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் நஜ்ரானுக்குச் சென்றிருந்தபோது, அங்கு வாழ்ந்த கிறிஸ்தவர்கள் அவரிடம் ஒரு வினாவைத் தொடுத்தனர். ஸூரா மர்யமில் ஈஸா (அலை) அவர்களின் அன்னை ஹாரூனின் சகோதரி என அழைக்கப்படுகிறார். ஹாரூன் (அலை) மூஸா (அலை) அவர்களின் சகோதரர் அல்லவா? மூஸாவோ ஈஸாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். இது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர்களது கேள்வி. மதீனா திரும்பிய முகீரா (ரழி) இதனை நபியவர்களிடம் கேட்டார்கள். அக்கால மக்கள் தமக்கு முன் வாழ்ந்த நபிமார்களினதும் நல்லடியார்களினதும் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி வந்தனர் என்பதே நபியவர்கள் அளித்த விளக்கம். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இவ்விளக்கத்தில் இரு பாடங்கள் உள்ளன. நல்லோரின் பெயரைச் சூட்டுவது பழைய வழக்கம் என்பது ஒன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் மனிதரும் ஒருவராகிவிடமாட்டார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டாவது பாடத்தை நமது முஹத்திஸ்கள் தனியொரு கலையாகவே வளர்த்தெடுத்தனர். ஹிஜ்ரி 463 இல் வபாத்தான கதீப் அல்பக்தாதி (ரஹ்), ஒரே பெயருடைய வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்ற நூலை எழுதினார். ஓர் உதாரணம் பாருங்கள். அனஸ் இப்னு மாலிக் என்றதும் நபியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த மதீனாவின் அன்ஸாரித் தோழரே நம் நினைவுக்கு வருவார். அதே பெயரில், கஅப் கோத்திரத்தைச் சேர்ந்த மற்றொரு ஸஹாபியும் இருந்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தந்தையின் பெயரும் அனஸ் இப்னு மாலிக்தான். இதை அறியாத ஒருவர், இமாம் மாலிக்கை அந்த அன்ஸாரித் தோழரின் புதல்வர் என எளிதில் எண்ணிவிடுவார்.

ஊர்களின் நிலையும் இதுவே. லெபனானில் ஒரு திராபுலஸ். லிபியாவில் ஒரு திராபுலஸ். முன்னது 1109 இல் சிலுவைப் படையினரிடம் வீழ்ந்தது. பின்னது 1911 இல் இத்தாலியரிடம் வீழ்ந்தது. ‘திராபுலஸ் வீழ்ந்தது’ என்று மட்டும் வாசிப்பவர் எண்ணூறு ஆண்டுகளை ஒன்றாக்கிவிடுவார். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அரபிகள் திராபுலஸ் அஷ்ஷாம் என்றும் திராபுலஸ் அல்கர்ப் என்றும் பிரித்துரைத்தனர். ஹிஜ்ரி 626 இல் வபாத்தான யாகூத் அல்ஹமவீ, ஒரே பெயர் கொண்ட ஊர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

தூர தேசங்கள் இருக்கட்டும். நமது மாவனல்லைக்கு வருவோம். உதுவன்கந்தைச் சரதியேலின் கதையை அறியாதவர் இங்கு எவருமில்லை. அவனது கூட்டாளி மம்மலி மரிக்கார் ஒரு முஸ்லிம். அவ்விருவரையும் பிடிக்கச் சென்ற பொலிஸ் கான்ஸ்டபிள் சபான் 1864 மார்ச் 21 இல் சுடப்பட்டு உயிர்நீத்தார். அவர் ஒரு மலாய் முஸ்லிம். இலங்கைப் பொலிஸார் தம் வீரர்களை நினைவுகூர்வது அத்தினத்தில்தான். சரதியேலும் மம்மலி மரிக்காரும் அதே ஆண்டு மே 7 இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே காலத்தில் கொழும்பில் இன்னொரு மரிக்கார் வாழ்ந்தார். கட்டடக் கலைஞரான வாப்பிச்சி மரிக்கார், 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். 1892 இல் மருதானையில் தொடங்கி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இன்று ஸாஹிரா என்ற பெயர் மாவனல்லையிலும் கம்பளையிலும் புத்தளத்திலும் ஒலிக்கிறது. ஒரு மரிக்காரின் பெயர் தூக்குமேடையோடு பேசப்படுகிறது. மற்றொரு மரிக்காரின் பெயர் கல்விக்கூடத்தோடு பேசப்படுகிறது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது அல்குர்ஆனின் தீர்ப்பாகும்.

நேயர்களே! 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், முஸ்லிம் பெயரைத் தாங்கியிருந்த ஒரே காரணத்துக்காக எத்தனையோ அப்பாவிகள் சந்தேகக் கண்கொண்டு பார்க்கப்பட்டனர். அந்த வேதனையை அனுபவித்த நாம், பிறருக்கு அதனைச் செய்யலாமா? கையடக்கத் தொலைபேசியில் ஒரு பெயரோடு ஒரு குற்றச்சாட்டு வருகிறது. அந்தப் பெயரில் நமது ஊரிலேயே நால்வர் இருப்பர். எவர், எந்த ஊர், எவருடைய மகன் எனக் கேளாமல் அதனைப் பிறருக்கு அனுப்புகிறோம். ஒரு குடும்பத்தின் மானம் அன்றிரவே போய்விடுகிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஸூரா ஹுஜுராத்தின் கட்டளை நமக்கில்லையா? ஹதீஸில் ஒரு பெயரைக் கண்ட முஹத்திஸ்கள், அவர் எவர் எனத் தெளியும் வரை பேனாவை நகர்த்தவில்லை.

பெற்றோர்களே! உங்கள் மகனுக்கு அனஸ் எனப் பெயரிட்டிருந்தால், அந்த அனஸ் (ரழி) எவர், எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெயரை நீங்கள் கொடுக்கலாம். அதற்குரிய வாழ்வை அவனே வாழ்ந்து சம்பாதிக்க வேண்டும்.

நல்லோரின் பெயர்களைத் தாங்கிய நம்மை, நல்லோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.