மைக் இல்லை, ஸ்டூடியோ இல்லை... கம்ப்யூட்டரிலேயே முழு இசை! சாஃப்ட்வேர் சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது?

இரும்புலியூரில் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஜிஎஸ்டி சாலை இரைச்சல், தாம்பரத்தைத் தாண்டி வரும் ரயில் சத்தம், போதாக்குறைக்கு பைபாஸ் லாரிகளின் ஹாரன். இப்படி ஒரு வீட்டில் மைக் வைத்து வயலினோ வீணையோ பதிவு செய்வது ரொம்பவே கஷ்டம். ஆனால் அதே வீட்டின் ஒரு மூலையில் லேப்டாப்பும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கான மொத்த இசையையும் உருவாக்கிவிடலாம். வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராது. ஏன்னா, இங்கே ஒலி பதிவு செய்யப்படுவதே இல்லை, கணக்கிடப்படுகிறது.

சாஃப்ட்வேர் சிந்தசைசர் என்றால் என்ன?

கீபோர்டு பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுகள் செய்த வேலையை ஒரு செயலி செய்கிறது, அவ்வளவுதான். முதலில் 'ஆசிலேட்டர்' ஒரு மொட்டையான அலையை உருவாக்கும். 'ஃபில்டர்' அதில் வேண்டாத கூர்மையை வெட்டும். ஒலி சட்டென்று எழ வேண்டுமா, மெல்ல அடங்க வேண்டுமா என்பதை 'என்வலப்' முடிவு செய்யும். இதெல்லாம் சேர்ந்து நொடிக்கு 44,100 எண்களாகக் கணக்கிடப்பட்டு ஹெட்போனுக்குப் போகிறது.

இதையும் சாம்ப்ளரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சாம்ப்ளர் என்பது ஏற்கனவே யாரோ வாசித்துப் பதிவு செய்த மிருதங்கத்தையோ வயலினையோ திரும்ப ஒலிக்க வைப்பது. அதற்கு நிறைய ரேமும் வேகமான எஸ்எஸ்டியும் தேவை. சிந்தசைசருக்கு பிராசசர் பலம்தான் முக்கியம்.

சென்னைக்கு இது எப்போது வந்தது?

கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் 'மிடி' என்ற பொது மொழி 1983-ல் வந்தது. மிடியில் ஒலி பயணிப்பதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்ற குறிப்பு மட்டுமே போகும். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தியது அன்று பெரிய பேச்சு. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டிலேயே 'பஞ்சதன்' ஸ்டூடியோவை அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிந்தசைசரும் ஒரு தனி பெட்டி. பெட்டிக்கு ஒரு விலை. 1996-ல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 'விஎஸ்டி' முறையைக் கொண்டுவந்தது. 1999-ல் அதன் அடுத்த பதிப்பில் இசைக்கருவிகளே கணினிக்குள் வந்துவிட்டன. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இசையமைக்கும் வாய்ப்பைத் திறந்துவிட்டது உண்மையில் இந்த மாற்றம்தான்.

கட்டையை அழுத்தினால் லேட்டா சத்தம் வருதா?

புதிதாகத் தொடங்குபவர்களை முதலில் கடுப்பேற்றும் பிரச்னை இது. கணக்குப் போட கணினி எடுத்துக்கொள்ளும் அவகாசத்துக்கு 'பஃபர்' என்று பெயர். அதை 1024 என வைத்தால் கிட்டத்தட்ட 23 மில்லி செகண்ட் தாமதம். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். 128 என வைத்தால் 3 மில்லி செகண்ட்தான். ரொம்பக் குறைத்தாலோ, பிராசசர் திணறி 'படபட'வென வெடிக்கும் சத்தம் வரும். விண்டோஸில் 'ஏசியோ' டிரைவர் போட்டால் பெரும்பாலும் சரியாகும். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்து, மிக்ஸிங் செய்யும்போது கூட்டிக்கொள்வது வழக்கம். சென்னை மே மாத வெயிலில் லேப்டாப் சூடாகி வேகம் குறைந்தாலும் இதே வெடிப்புச் சத்தம் வரும். முடித்த டிராக்குகளை 'ஃப்ரீஸ்' செய்தால் பாரம் குறையும்.

கமகம் வருமா?

நம்ம ஊர் ஆட்களின் முக்கியமான கேள்வி இதுதான். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள்தான். தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கட்டையை மட்டும் அழுத்தினால் ஸ்வரம் வரும், ராகம் வராது.

வழி இருக்கிறது. கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் 'பிட்ச் பெண்ட்' சக்கரம்தான் அது. பெரும்பாலான கருவிகளில் இது மேலே இரண்டு, கீழே இரண்டு அரை ஸ்வரங்கள் மட்டுமே நகரும்படி வந்திருக்கும். அமைப்புகளில் போய் இந்த எல்லையைக் கூட்டலாம். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் 'மோனோ' முறையில் வைத்து, 'கிளைடு' சேர்த்தால் ஸ்வரங்கள் வழுக்கிச் செல்லும். வளைவை மவுஸால் வரைந்தும் திருத்தலாம். ஒரு வரிக்கே அரை மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும்.

பழைய மிடியில் இன்னொரு சிக்கல்: சக்கரத்தை உருட்டினால் அந்த சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே வளையும். 2018-ல் ஏற்கப்பட்ட 'எம்பிஇ' முறை ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக வளைக்க விடுகிறது. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற சிந்தசைசர்களில் இந்த வசதி உண்டு.

செலவு எவ்வளவு?

சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. இவற்றை ஓட்டும் மேடையாக, ஆப்பிள் கணினியில் கேரேஜ்பேண்டில் தொடங்கலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் இலவச சோதனைப் பதிப்பில் கவனம் தேவை: சேமிக்க முடியும், ஆனால் சேமித்த பாட்டை காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. பாட்டை ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்யாமல் மூடியவர்கள் தலையில் கைவைத்த கதை நிறைய. இதற்காக 'கிராக்' தேடிப் போனால் வைரஸும் இலவசமாக வரும்.

யூடியூபில் போடுவதாக இருந்தால் இன்னொன்று. ரெடிமேட் 'லூப்' துண்டுகளுக்கு உரிமம் வாங்கியிருந்தாலும், அதே லூப்பை வைத்து வேறொருவர் தன் பாட்டைப் பதிவு செய்திருந்தால் உங்கள் வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை வரலாம். உரிம ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் அதை எதிர்த்து முறையிட முடியும். ஆசிலேட்டரில் இருந்து நீங்களே உருவாக்கிய ஒலியில் இந்தத் தொல்லைக்கு வாய்ப்பு மிகக் குறைவு.