மதில், சாவி, கூலி: மனநலக் காப்பகக் கட்டடங்களில் சமூகச் சீர்திருத்தத்தின் சுவடுகள்

முன்னுரை

தஞ்சோங் ரம்புத்தான் என்பது ஈப்போவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். 1911ஆம் ஆண்டில் மனநோயாளர்களுக்கான மைய மருத்துவமனை அங்கு நிறுவப்பட்ட பின்னர், அவ்வூர்ப் பெயரே நம் நாட்டுப் பேச்சு வழக்கில் கேலிச்சொல்லாயிற்று. தமிழகத்தில் ‘கீழ்ப்பாக்கம்’, இலங்கையில் ‘அங்கொடை’ ஆகிய பெயர்களுக்கும் இந்நிலையே நேர்ந்தது. ஊரின் பெயரை வசையாக மாற்றும் ஆற்றல் ஒரு கட்டடத்திற்கு உண்டெனில், அக்கட்டடம் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆகாது. ஒரு சமுதாயம் யாரை உள்ளே ஏற்றது, யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கு அது சான்றாவணம் ஆகும்.

அவ்வாவணத்தை வாசிப்பதற்கு இக்கட்டுரை மூன்று வினாக்களை முன்வைக்கிறது. மதில் எங்கே நிற்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? உள்ளே இருப்பவரின் உழைப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது? சீர்திருத்தவாதிகள் முதலிரு வினாக்களை முன்னரே எழுப்பினர். மூன்றாம் வினாவோ மிகப் பிந்தியே எழுந்தது. அதற்கு விடை காணாதவரை முந்தைய சீர்திருத்தங்கள் நிலைபெறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கோபுரமும் தோட்டமும்

1784ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணைப்படி வியன்னாவில் ஐந்து மாடிகளைக் கொண்ட வட்ட வடிவக் காப்பகம் ஒன்று எழுப்பப்பட்டது. மனநோயாளர்களுக்கெனப் பொது மருத்துவமனை வளாகத்தில் தனியிடம் ஒதுக்கியது அக்காலத்தில் ஒரு சீர்திருத்தமே. குற்றவாளிகளுடனும் ஏதிலிகளுடனும் அடைக்கப்பட்டவர்கள் நோயாளர்களாகக் கருதப்பட்டதற்கு அக்கோபுரம் சான்றாகும். எனினும், குறுகிய சாளரங்களும் கனத்த கதவுகளும் சிறையின் இலக்கணத்தையே பின்பற்றின.

இதிலிருந்து மாறுபட்ட ஒரு முயற்சி இங்கிலாந்தின் யார்க் நகரில் தோன்றியது. 1790இல் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சமயப் பெண்மணி அந்நகரக் காப்பகத்தில் இறந்தார். அவரைக் காணச் சென்ற அவர்தம் சமயத்தவருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இந்நிகழ்வால் உந்தப்பட்ட தேயிலை வணிகர் வில்லியம் டியூக், 1796இல் ‘ரிட்ரீட்’ என்னும் இல்லத்தைத் திறந்தார். ஏறத்தாழ 30 பேருக்காக அமைக்கப்பட்ட அவ்வில்லம், தோட்டம் சூழ்ந்த ஒரு நாட்டுப்புற வீட்டைப் போலவே தோன்றியது. சாளரங்களுக்குக் கம்பி இடப்படவில்லை. மாறாக, மரச்சட்டம் போலத் தோற்றமளிக்கும் இரும்புச் சட்டங்கள் பொருத்தப்பட்டன.

இவ்விரும்புச் சட்டம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடைபட்டிருக்கும் உணர்வை அது நோயாளருக்குத் தரவில்லை. அடைப்பை நீக்கவும் இல்லை. சங்கிலி போன இடத்தில் மனச்சான்றின் கண்காணிப்பு வந்தது என்று 1961இல் மிஷேல் ஃபூக்கோ இவ்வில்லத்தைக் குறைகூறினார். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், சங்கிலியில் கிடந்தவருக்கும் தோட்டத்தில் உலவியவருக்கும் இடையிலான வேறுபாட்டைச் சிறிதெனக் கருதுவதும் பொருந்தாது.

எண்ணிக்கையின் சுமை

அமெரிக்க மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடு இச்சிந்தனையை ஒரு கட்டடக் கோட்பாடாகவே வளர்த்தார். 1854இல் அவர் வெளியிட்ட நூல், நடுக்கட்டடத்தின் இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கி நீளும் சிறகுகளைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு கூடத்திற்கும் வெளிச்சமும் காற்றும் கிடைப்பதே இதன் நோக்கம். ஒரு காப்பகத்தில் 250 பேருக்கு மேல் இருத்தலாகாது என்பது அக்கோட்பாட்டின் உயிர்நாடி.

அவ்வரம்பு நெடுநாள் நிற்கவில்லை. 1866இல் காப்பகக் கண்காணிப்பாளர் சங்கமே அதனை 600ஆக உயர்த்த ஒப்புக்கொண்டது. ஏழையர் விடுதிகளில் இருந்தோரை மாநில அரசுகள் காப்பகங்களுக்கு அனுப்பின. தனித்தனிச் சிறு காப்பகங்களை எழுப்புவதைவிட இருப்பவற்றில் ஆட்களைச் சேர்ப்பது செலவு குறைந்ததாக இருந்தது. 1955ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொது மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 559,000 பேர் இருந்தனர். வரைபடம் காற்றுக்காக ஒதுக்கிய இடத்தைக் கட்டில்கள் நிரப்பின.

இங்கேதான் மூன்றாம் வினா எழுகிறது. அக்காப்பகங்களின் வயல்களிலும் சலவைக்கூடங்களிலும் சமையற்கட்டுகளிலும் உழைத்தவர்கள் நோயாளர்களே. அவ்வுழைப்பு ‘சிகிச்சை’ எனப் பெயர் பெற்றதால் கூலி வழங்கப்படவில்லை. நன்றாக உழைக்கும் அளவுக்குத் தேறியவரே நிறுவனத்திற்கு மிகவும் தேவைப்பட்டவர். எனவே அவரை வெளியே அனுப்புவதில் நிறுவனத்திற்கு ஆதாயம் இல்லை. கட்டடத்தின் முகப்பு சொல்லாத இச்செய்தியை அதன் கணக்கேடு சொல்லும்.

திரியெஸ்தே: வாயில் திறந்த விதம்

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1908இல் திறக்கப்பட்ட சான் ஜோவான்னி மனநல மருத்துவமனை, குன்றுச் சரிவில் பல தனிக்கட்டடங்களைக் கொண்ட அழகிய வளாகம். 1971இல் பிராங்கோ பசாலியா அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 1,200 பேர் அங்கிருந்தனர். அவர் புதிய கட்டடம் எதையும் எழுப்பவில்லை. இருந்த கதவுகளைத் திறந்தார்.

1972இல் அங்கு நோயாளர்களை உறுப்பினராகக் கொண்ட தொழிலாளர் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. அதுவரை ‘சிகிச்சை’யாகக் கருதப்பட்ட துப்புரவுப் பணி, ஒப்பந்தமும் கூலியும் உடைய தொழிலாயிற்று. 1973இல் நோயாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து ‘மார்க்கோ கவல்லோ’ என்னும் பெரிய நீலக் குதிரையை மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்தனர். அதனை வெளியே கொண்டுசெல்ல வாயில் போதவில்லை. தடையை உடைத்தே ஊர்வலம் நகருக்குள் சென்றது. 1978 மே 13ஆம் நாள் நிறைவேறிய 180ஆம் எண் சட்டம் புதிய மனநலக் காப்பகங்கள் அமைவதைத் தடுத்தது. இச்சட்டத்தின் விளைவுகள் இத்தாலி முழுவதும் ஒரே சீராக அமையவில்லை. வெளியே போதிய சேவைகள் இல்லாத இடங்களில் குடும்பங்களே, குறிப்பாகப் பெண்களே, சுமையைத் தாங்கினர். திரியெஸ்தேயிலோ சமூக மனநல மையங்களும் கூட்டுறவுக் கழகங்களும் முன்னரே உருவாகியிருந்தன. அவ்வளாகம் இன்று ரோசாத் தோட்டமும் கல்விக்கூடங்களும் கொண்ட பொதுப் பூங்கா.

வளர்ச்சிக்கு அப்பால்

கூட்டுறவுக் கழகம் தோன்றிய அதே 1972இல்தான் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் அறிக்கை வெளிவந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும், உற்பத்திப் பெருக்கத்தைக் கொண்டு மட்டும் மனிதரையும் இடத்தையும் அளக்கலாகாது என்ற கருத்தில் இரண்டும் சந்திக்கின்றன. 1991இல் இத்தாலி இயற்றிய 381ஆம் எண் சட்டம், ஒருவகைச் சமூகக் கூட்டுறவுக் கழகங்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர் வாய்ப்பிழந்த பிரிவினராக இருத்தல் வேண்டும் என விதித்தது.

வளர்ச்சி கடந்த பொருளாதாரச் சிந்தனைக்கு உகந்த கட்டடக்கலையும் இவ்வழியே செல்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் 530 குடியிருப்புகளைக் கொண்ட மூன்று அடுக்ககங்களை லகத்தோன், வசால் ஆகியோரும் உடன்பணியாளர்களும் இடிக்காமல் விரிவாக்கினர். குடியிருந்தோர் பணியின்போதும் தத்தம் வீடுகளிலேயே தங்கினர். இப்பணி 2019இல் மீஸ் வான் டெர் ரோ விருதைப் பெற்றது.

இவ்வரலாற்றை நம் நாட்டுடன் பொருத்திப் பார்க்க, மனநலக் காப்பகம் அல்லாவிடினும் அதே அடைப்புச் சிந்தனையில் பிறந்த ஓர் இடம் உண்டு. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு, மருத்துவர் திராவர்சின் முயற்சியால் தோட்ட நகர் வடிவில் அமைந்தது. பள்ளியும் வழிபாட்டிடங்களும் அங்கிருந்தன. அவ்வழகிய திட்டத்தினுள்ளேயே பெற்றோரிடமிருந்து குழந்தைகள் பிரிக்கவும் பட்டனர். பின்னாளில் குடியிருப்பாளர்கள் நாற்றுப் பண்ணைகள் வைத்துப் பூச்செடி வளர்த்துப் பிழைத்தனர். அப்பண்ணைகளே பொதுமக்களை அவ்விடம் தேடி வரச் செய்தன. 2007இல் அக்குடியிருப்பின் ஒரு பகுதி பல்கலைக்கழக வளாகத்திற்காக இடிக்கப்பட்டது. அடைப்பதற்காக எழுப்பிய சுவரை விடுதலைக்குப்பின் வாழ்விடமாக்கிக் கொண்டவர்களிடமிருந்து அவ்விடத்தை மீண்டும் எடுப்பது எவ்வகைச் சீர்திருத்தம் என்ற வினா இங்கு எஞ்சி நிற்கிறது.

முடிவுரை

வியன்னாவின் கோபுரம் மதிலைப் புதிய இடத்தில் நிறுத்தியது. யார்க் இல்லம் அம்மதிலை மறைத்தது. திரியெஸ்தே சாவியையும் கூலியையும் உள்ளிருந்தோரிடமே ஒப்படைத்தது. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை எனப்படுகிறது. ‘பகாகியா’ என்னும் மலாய்ச் சொல் மகிழ்ச்சியைக் குறிக்கும். பெயர்ப்பலகை மாறியும் கேலிச்சொல் மறையவில்லை. வகுப்பறையில் அச்சொல் ஒலிக்கும்போது, அதனைக் கண்டிப்பதோடு அமையாமல், அதன் பின்னுள்ள கட்டடத்தின் வரலாற்றையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர் ஆற்றக்கூடிய பணியாகும். மதில்கள் இடிந்த பின்னரும் மொழியில் நிற்கும் மதிலை அகற்றும் பொறுப்பு, மொழியைக் கற்பிப்போரையே சாரும்.