தானியக் கப்பலும் பட்டினிக் குடிலும்

1847ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலே, அயர்லாந்துக் குடியானவர் பட்டினியால் தெருவோரங்களில் மாண்டுகொண்டிருந்தனர். அதே ஆண்டில் கிழக்கே, உக்ரேனியப் பெருங்கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவைக் கைதுசெய்த ஜார் அரசு, அவரைச் சாதாரணச் சிப்பாயாக்கி நாடு கடத்தியது. எழுதவும் வரையவும் கூடாதென்று மன்னன் முதலாம் நிக்கலஸ் தடைவிதித்தான். பண்ணையடிமையாகப் பிறந்து, 1838இல் 2,500 ரூபிள் விலைகொடுத்து மீட்கப்பட்டவர் அக்கவிஞர். இவ்விரு மக்களின் கதைகளையும் தனித்தனி அத்தியாயங்களிற் படிப்பதே வழக்கம். நாம் அவற்றை ஒருங்குவைத்து நோக்க விரும்புகின்றோம்.

அயர்லாந்துப் பஞ்சத்தைக் கற்பிக்கும்போது, “அந்நாட்டில் உணவே இருக்கவில்லையா?” என்று மாணவர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். 1845இல் நோய் கண்டது உருளைக்கிழங்குப் பயிரே. குத்தகைக்காரன் விளைவித்த தானியம் நிலப்பிரபுவின் குத்தகைக்குப் போயிற்று. அவன் உண்டது கிழங்கு. கிழங்கு அழுகிய பின்னரும் ஓட்ஸ் தானியமும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவது நிற்கவில்லை. வெளியிலிருந்து சோளம் வந்தது உண்மை. அதை வாங்க ஏழைகளிடம் காசில்லை. நிவாரணத்துக்குப் பொறுப்பாயிருந்த திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் ட்ரெவெல்யன், வாணிகத்தில் அரசு தலையிடலாகாதென்பதை வேதமாகக் கொண்டவர். (இவரே 1859இல் சென்னை மாகாண ஆளுநராய் வந்து சேர்ந்தார்.) நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர்வரை உணவளித்த கஞ்சித்தொட்டிகள் 1847 முடியுமுன்னரே மூடப்பட்டன. கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்பவனுக்கு உதவியில்லை என்றொரு சட்டமும் வந்தது. கஞ்சி வேண்டுமாயின் காணியை விட்டுவிடு என்பதே அதன் பொருள். 1841 குடிசன மதிப்பில் 81 இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர்.

இறந்தோரிற் பலர் ஐரிஷ் மொழி வழங்கிய மேற்குப் பகுதியினர். 1831 முதல் அரசு நிறுவிய பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி. பஞ்சத்தின் பின்னர் நால்வரில் ஒருவருக்கும் குறைவானோரே ஐரிஷ் பேசினர். ஜார் அரசோ மொழியை நேராகவே தடைசெய்தது. அப்படியொரு தனிமொழி இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாதென்ற கருத்தை 1863இல் அமைச்சர் வாலுயேவின் சுற்றுநிருபம் தாங்கிவந்தது. 1876ஆம் ஆண்டின் எம்ஸ் ஆணை உக்ரேனிய நூல்களின் அச்சையும் இறக்குமதியையும் பெரும்பாலும் நிறுத்திற்று. இல்லாத மொழிக்கு எதற்காக இத்தனை தடைகள்?

அயர்லாந்து விடுதலை பெறாமல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் முன்னேற முடியாதென்று மார்க்ஸ் 1869இல் எழுதினார். இங்கிலாந்துக்கு அயர்லாந்து எவ்வாறோ அவ்வாறே ருஷியாவுக்கு உக்ரேன் என்று 1914இல் சூரிச் நகரிற் பேசிய லெனின் கூறினார். ஆகவே, இந்த ஒப்பீடு நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அதை 1917உடன் நிறுத்திக்கொள்வதே நம்மவரின் பழக்கமாயிருந்தது. அதன் பின்னர் நடந்ததை முதலாளித்துவப் பத்திரிகைகளின் புனைவென்று நெடுங்காலம் ஒதுக்கினோம்.

ஆனால் 1932-33இல் நடந்தது என்ன? கூட்டுப்பண்ணையாக்கத்தின்போது கொள்முதல் அளவு நிறைவேறாத உக்ரேனியக் கிராமங்கள் கரும்பட்டியலில் ஏறின. அங்கு கடைச்சரக்குகளின் வரவும் நிறுத்தப்பட்டது. சோவியத் யூனியனிலிருந்து அவ்விரண்டு ஆண்டுகளிலும், ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட தானியம் ஏற்றுமதியாயிற்று. உக்ரேனில் மட்டும் முப்பத்தைந்து இலட்சத்துக்குக் குறையாதோர் மடிந்தனரென்பது இன்றைய ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. கசாக் மக்களும் அக்காலத்தில் பெருந்தொகையாய் மாண்டனர். இது திட்டமிட்ட இன அழிப்பா அன்றா என அறிஞர் வாதிடுகின்றனர். ஆயினும் 1933 ஜனவரியில் ஸ்டாலினும் மொலொடோவும் ஒப்பமிட்ட கட்டளை இன்று அச்சிற் கிடைக்கிறது. உணவு தேடி உக்ரேனையும் குபானையும் விட்டு வெளியேறிய குடியானவரைத் தடுத்து நிறுத்தச் சொல்கிறது அது. அயர்லாந்தில் பட்டினியாளனுக்குக் கப்பற்றுறையாவது திறந்திருந்தது. உக்ரேனில் புகையிரத நிலையமும் மூடப்பட்டது.

புரட்சியின் பின்னர் 1920களில் உக்ரேனிய மொழிப் பள்ளிகள் பெருகின என்பதையும் மறைக்கலாகாது. 1927 முதல் கல்வித் துறையை நடத்தி அம்மொழிக்கு இடந்தேடித் தந்தவர் மிக்கோலா ஸ்கிரிப்னிக். புரட்சிக்கு முன்னரே போல்ஷெவிக்காயிருந்தவர்; லெனினின் தோழர். 1933 பெப்ரவரியில் அப்பதவியிலிருந்து அவரை அகற்றினர். தேசியவாதி என்று குற்றஞ்சாட்டினர். கிராமங்களில் பட்டினிச் சாவு உச்சத்தை எட்டியிருந்த அவ்வாண்டின் ஜூலையில், கார்க்கிவ் நகரில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.