கல்லாவின் முன் எழுந்த கேள்வி

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஒரு கதை. ரொட்டியின்றி மக்கள் வாடுகின்றனர் என்று கேள்வியுற்ற அரசி மேரி அண்டோய்னெட், அப்படியானால் கேக் உண்ணட்டுமே என்றாளாம்! மேடையில் முழங்க ஏற்ற கதை. கேட்டவர் குருதி கொதிக்கும் கதை. ஆனால், பெயர் கூறாத ஒரு பெரிய இளவரசியின் வாய்ச்சொல்லாக ரூசோ தம் வாழ்க்கை வரலாற்றில் இதைக் குறித்தபோது, மேரி அண்டோய்னெட் ஆஸ்திரிய நாட்டுச் சிறுமி. 1770-இல்தான் அவள் பிரான்சு மண்ணை மிதித்தாள். அவள் அவ்வாறு சொன்னாள் என்பதற்குச் சான்று இல்லை. சொல்லியிருப்பாள் என்று மக்கள் நம்பியதற்குக் காரணம் மட்டும் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர், ரொட்டியின் விலை!

இருநூறு ஆண்டுகள் கழித்து, முடியும் அரியணையும் இல்லாத அமெரிக்க நாட்டிலே இதே கதை புத்தாடை பூண்டு உலவிற்று. இம்முறை ரொட்டிக்குப் பதில் ஒரு கருவி. அரசிக்குப் பதில் ஒரு குடியரசுத் தலைவர். கடையில் விலை குறிக்கும் கருவியைக் கண்டு 1992-இல் ஜார்ஜ் புஷ் வியந்து வாய் பிளந்தார் என்பதே அக்கதை. ஆளுவோரைப் பற்றி எளிய மக்கள் கொள்ளும் கருத்து எங்கே பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, அதில் பொன் எவ்வளவு, பித்தளை எவ்வளவு என்று உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் நமக்குக் கிடைப்பதரிது.

முதலில் அந்தக் கருவியின் வரலாற்றைக் காண்போம். 1948-இல் பிலடெல்பியா நகரின் டிரெக்சல் கல்விக்கூடத்தில், உணவுக் கடைகளின் தலைவர் ஒருவர், கல்லாவில் பொருளைத் தானாகவே கணக்கிட ஒரு வழி கண்டு தருமாறு கேட்டுக்கொண்டிருந்தார். அது பெர்னார்டு சில்வர் என்ற இளைஞரின் காதில் விழுந்தது. அவர் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டு, தந்திக்குரிய மோர்ஸ் குறிகளை எண்ணியவாறே மயாமிக் கடற்கரை மணலில் விரல்களால் கோடு கிழித்தார். அந்த மணற்கோடுகளிலிருந்து தோன்றியதுதான் இன்று உப்புப் பொட்டலம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் பார்கோடு. 1952-இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது 15,000 டாலருக்கு விலை போயிற்று. கோடுகளைப் படிக்கும் லேசர் ஒளி 1960-இல்தான் பிறந்தது. 1963-இல் மறைந்த சில்வர், தம் கருத்து கடைக்கு வந்ததைக் காணவில்லை. 1973-இல் அமெரிக்க மளிகைத் தொழிலினர் பொதுக் குறி ஒன்றை ஏற்றனர். 1974 ஜூன் 26-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து டிராய் ஊரில், ஒரு சூயிங்கம் கட்டு ஸ்கேனர் ஒளியில் முதன்முதலாகக் கணக்காயிற்று. விலை 67 சென்ட்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அந்தக் கோடுகளில் விலை இல்லை. இருப்பது எண் மட்டுமே. விலை, கடைக்காரரின் கணிப்பொறிக்குள் இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு டப்பாவின் மீதும் விலைச்சீட்டு ஒட்டும் வேலை தேவையற்றதாயிற்று. கடைக்காரருக்குக் கூலி மிச்சம். வாங்குவோருக்கோ? அதுவரை பொருளோடு கையில் வந்த விலை, கண்ணுக்குப் புலப்படாத பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது!

இறைச்சி விலை ஏற்றத்தைக் கண்டித்து 1973 ஏப்ரலில் அந்நாட்டுத் தாய்மார்கள் இறைச்சி வாங்க மறுத்துக் கிளர்ந்தெழுந்த காலத்தை அடுத்து வந்தது இம்மாற்றம். நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. கடை ஊழியர் சங்கங்களும் எதிர்த்தன. "எந்திரத்தை உடை" என்று அவர்கள் கூறவில்லை. "எந்திரம் இருக்கட்டும், விலை எங்கள் கண்முன் இருக்கட்டும்" என்றனர். அந்தக் குரல் சட்டமாயிற்று. மிச்சிகன் மாநிலம் 1976-இல் இயற்றிய சட்டம், பொருள்தோறும் விலை குறிக்கச் சொல்லிற்று. ஸ்கேனர் கூடுதலாகப் பணம் பிடித்தால், கூடுதலைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் பத்து மடங்கு, ஒரு டாலருக்குக் குறையாமலும் ஐந்து டாலருக்கு மிகாமலும் தர வேண்டும் என்றும் விதித்தது. விலைச்சீட்டுக் கட்டாயம் 2011-இல் நீக்கப்பட்டது. பத்து மடங்கு ஈடு நீக்கப்படவில்லை. மக்களின் ஐயம் வீண் ஐயமும் அன்று. கூட்டரசின் வாணிக ஆணையம் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 21 பொருள்களுக்கு ஒன்று தவறான விலையில் பதிவானது தெரிந்தது. அதே ஆய்வு, கூடுதலாகப் பிடித்ததைவிடக் குறைவாகப் பிடித்த தவறே சற்று மிகுதி என்றும் காட்டிற்று. ஐயுற்றோரும் அளந்து பார்த்தோரும் சேர்ந்தபோதுதான் உண்மை முழு உருப்பெற்றது.

இனி 1992-க்கு வருவோம். 1988-இல் கட்சி மாநாட்டு மேடையில், புதிய வரி கிடையாது என்று உறுதி கூறி ஆட்சிக்கு வந்தவர் புஷ். 1990-இல் அந்த உறுதி உடைந்தது. வருமான வரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு 28-லிருந்து 31 ஆயிற்று. பெட்ரோல் வரி காலனுக்கு 5 சென்ட் ஏறிற்று. அவ்வாண்டே தொழில் மந்தமும் தொடங்கிற்று. 1991-இல் வளைகுடாப் போரில் வென்றபோது, நூற்றுக்கு 89 பேர் அவர் பணியை மெச்சியதாகக் கணிப்புக் கூறிற்று. போரின் செலவு ஏறத்தாழ 6,100 கோடி டாலர். அதில் பெரும்பகுதியைப் பிற நாடுகள் தந்தன என்பதையும் நேர்மையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால், அதே 1991-இல் வேலையிழந்தோர் உதவித்தொகையை நீட்டிக்க வந்த சட்டத்துக்கு நேர்ந்ததென்ன? ஆகஸ்டில் கையொப்பமிட்டார், நிதியை விடுவிக்கும் நெருக்கடி அறிவிப்பைச் செய்ய மறுத்தார். அக்டோபரில் வந்த மற்றொரு சட்டத்தைத் தடுத்தார். நவம்பரில்தான் இணங்கினார். பசித்தவனுக்கு மாதங்கள் நீண்டவை!

இந்த வெம்மையில்தான் பொறி விழுந்தது. 1992 பிப்ரவரி 4 அன்று பிளாரிடாவின் ஆர்லண்டோ நகரில் மளிகை வணிகர் மாநாடு. அங்கிருந்த காட்சியில் புஷ் ஸ்கேனரைப் பார்த்தார், பொருள்களை அதன்மேல் நகர்த்தினார், வியப்பும் தெரிவித்தார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் செய்தி வந்தது: பல ஆண்டுகளாகக் கடைகளில் பழகிப்போன கருவியைத் தலைவர் இன்றுதான் காண்கிறார் என்ற பொருள்பட! நாடெங்கும் நகைப்பு. உணவு விடுதியிலும், பேருந்து நிறுத்தத்திலும், கல்லா வரிசையிலும் அதே பேச்சு: "இவருக்கு நம் பிழைப்பு தெரியுமா?"

நடந்தது என்ன? அச்செய்தியை எழுதியவர் அவ்விடத்தில் இருக்கவில்லை. செய்தியாளர் அனைவருக்கும் பொதுவாக ஒருவர் எழுதித் தந்த சுருக்கக் குறிப்பிலிருந்தே எழுதினார். குறிப்பைத் தந்தவரோ, தம் சொந்த ஏட்டில் அந்நிகழ்ச்சியைப் பொருட்படுத்தவே இல்லை. புஷ்ஷுக்குக் காட்டப்பட்டதும் வெறும் பழைய கருவியன்று. துண்டு துண்டாகக் கிழித்துக் கலைத்த கோட்டுக் குறியையும் படிக்கவல்ல புதிய பொறி. அதைக் கண்டு எவரும் வியக்கலாம். ஒளிப்பதிவைப் பார்த்த பின்னும் அந்த ஏடு, அவர் வியந்தது மெய்யே என்று வாதிட்டது. வியந்தது மெய்; அறியாமையால் வியந்தார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அதே 1992-இல், பார்கோடு தந்த உட்லண்டுக்கு நாட்டின் தொழில்நுட்பப் பதக்கத்தை அளித்தவரும் இந்தப் புஷ்ஷேதான்! இந்தச் செய்தி, கதையைக் கேட்ட காதுகளில் எத்தனைக்கு எட்டிற்று?

"இருந்தால் என்ன? கதை பொய்யாயினும் கருத்து மெய்தானே! ஏழையின் துயரறியா ஆட்சியைச் சாட ஏற்ற கருவிதானே!" என்று சில தோழர்கள் வினவக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கருத்தின் மெய்ம்மைக்குச் சான்றா இல்லை? 1992 ஜூனில் வேலையற்றோர் விகிதம் நூற்றுக்கு 7.8. அவ்வாண்டு அரசின் பற்றாக்குறை 29,000 கோடி டாலர். மொத்தக் கடன் நான்கு லட்சம் கோடி டாலரைத் தாண்டிற்று. 2 கோடி 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசு தந்த உணவுச் சீட்டால் வயிறு கழுவினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கையில் இருந்தது காகிதச் சீட்டு. ஒரே வரிசையில், ஒரே ஸ்கேனரின் முன், ஒருவர் பணத்தை எடுக்க, அடுத்தவர் எல்லார் கண்ணும் பார்க்கச் சீட்டைக் கிழித்துத் தந்தார். பொருளைப் படிக்கும் எந்திரம் 1974-லேயே கல்லாவுக்கு வந்தது. ஏழையின் தன்மானத்தைக் காக்கும் உதவி அட்டையோ 2004-இல்தான் நாடு முழுதும் பரவிற்று. முப்பதாண்டு இடைவெளி! தொழில்நுட்பம் யாருடைய கூலியை மிச்சப்படுத்த ஓடோடி வருகிறது, யாருடைய நாணத்தைப் போக்க ஊர்ந்து வருகிறது என்று கேட்டிருக்கலாமே! இந்தக் கேள்விக்குப் பொய் தேவையில்லை. ஆண்டுக் கணக்கே போதும்.

அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று ரிச்மண்டு நகரில் மூன்று வேட்பாளர்களும் பொதுமக்கள் முன் நின்றனர். ஒரு பெண்மணி எழுந்து, நாட்டின் கடன் உங்கள் சொந்த வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று வினவினார். கடன் என்ற சொல்லால் அவர் குறித்தது மந்தத்தையும் வேலையின்மையையும். பொருளியல் நோக்கில் சொல் பிழை. வாழ்வு நோக்கில் கேள்வி சரி. புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விடை கூறத் தடுமாறினார். பில் கிளிண்டன் அப்பெண்ணை நோக்கி நடந்துவந்து, வேலை இழந்தோரைத் தாம் அறிவதாகப் பேசினார். இது கட்டுக்கதையன்று; கோடிக்கணக்கானோர் கண்ட காட்சி. நவம்பரில் கிளிண்டன் நூற்றுக்கு 43, புஷ் 37, பற்றாக்குறையையே முதன்மையாகப் பேசிய ராஸ் பெரோ 19 வாக்குகள் பெற்றனர்.

ஆக, மெய்யே போதுமானதாக இருந்தது. பொய் எதைச் சேர்த்தது? ஆளுவோருக்கு ஒரு எளிய தப்பும் வழியைச் சேர்த்தது! ஸ்கேனர் தெரியாதவர் என்று குற்றஞ்சாட்டினால், "தெரியுமே" என்று ஒரு சொல்லால் வழக்கு முடிந்துவிடும். பால் விலை தெரியாதவர் என்று ஏசினால், விலையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பர். 2007-இல் அலபாமாவில் வேட்பாளர் ரூடி ஜூலியானியிடம் பால் விலை கேட்டனர். அவர் உண்மை விலையினும் மிகக் குறைத்துச் சொல்லி அகப்பட்டார். சரியாகச் சொல்லியிருந்தால்? பால் விலை இறங்கியிருக்குமா? விலையறிந்த தலைவர் வேறு. விலையைத் தாங்க முடியாதவர்க்குக் கருவூலத்தைத் திறக்கும் தலைவர் வேறு. முன்னவராக நடிக்கலாம், பின்னவராக நடிக்க முடியாது, ஏனெனில் செலவுக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

வரலாறு படிக்கும் இளைஞர்கள் இதனால் கொள்ள வேண்டியது ஒன்று. புராணத்தை மட்டும் உரைத்துப் பார்த்து, நமக்குப் பிடித்த கதையை உரைக்காமல் விழுங்குவது அரைப் பகுத்தறிவு. எதிரியைப் பற்றிய செய்தி இனிக்கும்போதுதான் இரு மடங்கு ஐயம் தேவை. அதே வேளை, கதை பொய்த்தது கண்டு, அதைப் பேசிய எளியோரின் கருத்தையே குப்பையில் எறிவதும் அறிவுடைமை ஆகாது. பேருந்து நிறுத்தத்தில் பேசியவருக்கு ஆர்லண்டோவில் நடந்தது தெரியாது. தம் வீட்டில் நடந்தது தெரியும். அவர் சொன்ன செய்தியைத் திருத்துவோம். அவர் கேட்ட கேள்வியைக் காப்போம். மிச்சிகன் மக்கள் எந்திரத்தைப் பழிக்காமல், விலையைக் கண்முன் வை என்றுதானே சட்டம் கண்டனர்! ஆட்சியாளரிடமும் நாம் கேட்க வேண்டியது அதுவே: எதைக் கண்டு வியந்தீர் என்பதன்று, எவரிடம் வாங்கினீர், எவருக்குச் செலவிட்டீர்? சீட்டைக் கண்முன் வையுங்கள்!