தலைசுற்றியவர்களை எழுந்து நடக்கச் சொன்னவர்கள்

போன வருஷம் உள்காதில் கோளாறு வந்து எனக்குத் தலை சுற்றியபோது, வீட்டில் எல்லோரும் சொன்னது "அசையாம படுங்க" என்பதுதான். நானும் படுத்தேன். மூன்று வாரம் மொட்டைமாடி நடை கிடையாது. சுற்றல் குறைந்தது, பயம் குறையவில்லை. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவேன்.

பிறகு பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு தாளைக் கொடுத்து, "சார், தினமும் இதைச் செய்யுங்க" என்றார். மேலே 'காத்தோர்ன்–குக்ஸி பயிற்சிகள்' என்று இருந்தது. யார் இந்த இருவர் என்று தேடிப் படித்தேன்.

டெரன்ஸ் காத்தோர்ன் லண்டனில் காது அறுவை மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க் காலம். உள்காதில் அறுவை செய்துகொண்டவர்களும் தலையில் அடிபட்டவர்களும் சுற்றலோடு கிடந்தார்கள். அவர்களில் சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதை அவர் கவனித்தார். குக்ஸி என்ற மருத்துவரோடு சேர்ந்து 1940களில் இந்தப் பயிற்சிகளை வகுத்தார்.

காரணம் எளிது. இரண்டு உள்காதுகளும் மூளைக்குச் சமமாகச் செய்தி அனுப்ப வேண்டும். ஒன்று பழுதானால் கணக்கு இடிக்கிறது, உலகம் சுற்றுகிறது. மூளை புதுக் கணக்கைப் பழகிக்கொள்ளும். ஆனால் தலை அசைந்தால்தான் பழகும். படுத்தே கிடந்தால் பாடமே நடக்காது!

முதலில் படுத்தபடி கண்ணை மட்டும் மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைக்க வேண்டும். அப்புறம் தலை, மெதுவாகத் தொடங்கி வேகமாக. உட்கார்ந்து குனிந்து தரையிலிருந்து பொருளை எடுப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, கண்ணுக்கு மேலே ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பந்து போடுவது, கடைசியில் படி ஏறி இறங்குவது. லேசாகச் சுற்றத்தான் செய்யும். சுற்றாவிட்டால் பலனும் இல்லை.

இங்கேதான் நான் கெடுத்தேன். அரசாங்க வேலையில் 34 வருஷம் கோப்பு முடித்த பழக்கம். தாள் முழுவதையும் முதல் நாளே முடித்துவிட்டேன். மூச்சு வாங்கி, வாந்தி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு, "எத்தனை நம்பர் வரைக்கும் போனீங்க?" என்றார்.

அது போர்க் அளவுகோல். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியாது. இளைஞர்களுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும், அதனால்தான் 6இல் தொடக்கம். என்னைப் போல் நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கையைப் பிடித்து எண்ணிப் பிரயோஜனமில்லை. உடம்புக்கு எவ்வளவு கஷ்டமாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. எனக்கு அவர் வைத்த எல்லை 11. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு.

ஒன்று சொல்லியாக வேண்டும். இது உள்காதுச் சுற்றலுக்கான வைத்தியம். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் அது ரத்த அழுத்த விஷயமாக இருக்கலாம். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது என்று சேர்ந்து வந்தால் பயிற்சி எல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்போது சுவரோரமாக நின்று, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு செய்கிறேன். பந்து பேரனுடையது. நான் தவறவிட்டால் அவன் ஓடிப்போய் எடுத்துத் தருவான். எனக்கு 9, அவனுக்கு 15 இருக்கும்.