அமில மழை

நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதால் வெளிவரும் வாயுக்கள் கலந்து, இயல்பைவிட அமிலத்தன்மை மிகுந்து பெய்யும் மழை அமில மழை எனப்படும். தூய மழைநீரும் சற்று அமிலமானதே; காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5.6. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகிறது. அது மேகத்துளிகளில் கரைந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிறது. எரிபொருளிலுள்ள நைட்ரஜன் மட்டுமன்றி, எஞ்சின்களின் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சைடாகி, பின்னர் நைட்ரிக் அமிலமாகிறது.

ஆலைப்புகைக்கும் மழையின் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை 1852இல் மான்செஸ்டரில் கண்டறிந்தவர் இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். ஊரைப் புகையிலிருந்து காக்கப் பின்னாளில் எழுப்பிய உயரமான புகைபோக்கிகள் சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றின என்பதே உண்மை. பிரிட்டனிலும் நடு ஐரோப்பாவிலும் கிளம்பிய கந்தகம் நார்வே, சுவீடன் ஏரிகளில் விழுந்தது. அங்கு அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்பு மண்ணில் குறைவு. அமிலம் மண்ணிலிருந்து கரைத்துக் கொணர்ந்த அலுமினியம் மீன்களின் செவுள்களில் படிந்து அவற்றைத் திணறடித்தது. பல ஏரிகளில் தண்ணீர் மட்டும் பளிங்குபோல் தெளிந்திருந்தது.

அனல்மின் நிலையப் புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவினால் கந்தகத்தின் பெரும்பகுதி ஜிப்சமாகப் பிரிந்துவிடும். நாட்டெல்லை தாண்டிப் பரவும் காற்று மாசு குறித்த 1979ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின் ஐரோப்பாவில் கந்தக வெளியேற்றம் பெரிதும் குறைந்தது. ஏரிகள் மெதுவாகவே மீள்கின்றன.