கூட்டுறவால் எழுந்த கூரை

பிழைப்பு நாடிப் பெருநகரம் புகுவோர்க்கு முதற்கவலை குடியிருக்க வீடே. நம்மைப் போலவே, கன்னடக் கடற்கரையினின்று பம்பாய்க்கு வந்து குடியேறிய சித்ராபூர் சாரஸ்வதர் அக்கவலையைத் தீர்த்துக்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

1904-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமே பிறவகைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. 1906-இலேயே சாம்ராவ் விட்டல் கூட்டுறவு வங்கியைத் தோற்றுவித்தவர் ராவ்பகதூர் எஸ். எஸ். தல்மாகி. அவரும் அவருடைய அன்பர்களும் 1915-இல் காம்தேவியில் சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தை நிறுவினர். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் வேறல்லர் என்னும் புதுமை அவ்வாறு மும்பையில் வேரூன்றிற்று.

இன்று நம் சங்கங்களை ஆளும் 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டமும் அந்நெறியையே போற்றுகிறது. பங்குகள் எத்தனையாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே. முடிவான அதிகாரம் பொதுக்குழுவிற்கே உரியது. நிர்வாகக் குழுவினர் அதன் பணியாளரே.

ஆயின், நம் காலனியில் நிகழ்வது யாது? தண்ணீருக்கும் கூரைப் பழுதிற்கும் காரியதரிசியை மாடிப்படியில் நின்று குறை கூறுவோர் பலர். பொதுக்கூட்டத்தில் அமர்வோர் சிலர். பொறுப்பேற்க முன்வருவோரோ மிகச் சிலர். அலுவல் முடிந்து வந்து, ஊதியமின்றி இரவில் கணக்கெழுதும் அச்சிலர் ஓய்ந்துவிட்டால், சட்டம் நமக்களித்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். வரும் பொதுக்கூட்டத்திற்கு வீட்டுக்கு ஒருவரேனும் செல்வோமாக. இளைஞர் சிலரேனும் குழுவிற்கு நிற்பாராக.